பாய் விரிக்க நல்ல நேரம்



யாழ்ப்பாணத்தில் பஞ்சாங்கம் இல்லாத வீடு அரிது. வீட்டுக்கு நிலையம் எடுக்கவும், பிள்ளைக்கு ஏடு தொடக்கவும் நாள் பார்க்கின்றோம். இராகு காலம் கழியட்டும் என்று வாசலிலே காத்து நிற்கின்றோம். ஆனால், சிறு தோணி ஒன்றிலே பாய் விரித்துப் பரவைக் கடலில் இரண்டு மணி நேரம் உலாவி வர விரும்புகின்றவர் மட்டும் நாள் பார்ப்பதில்லை. தமக்கு ஓய்வு கிடைத்த நாளே நல்ல நாள் என்று கொண்டு புறப்பட்டுவிடுகின்றார். கந்தோர் தருகின்ற விடுமுறைக்கும் காற்றுத் தருகின்ற விடுமுறைக்கும் இடையே எந்த உடன்படிக்கையும் கிடையாது. இவ்விரண்டும் ஒன்றுகூடும் வேளை நம் குடாநாட்டில் எப்போது வாய்க்கின்றது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

ஏறக்குறைய நாற்புறமும் நீர் சூழ்ந்த நாடு நம்முடையது. மேற்கே மண்டைதீவு, வேலணை, காரைநகர், புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு என்று தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. இருந்தும் உல்லாசத்திற்காகப் பாய் விரிப்போர் இங்கு மிகச் சிலரே. இதற்காக எவரையும் குறைகூற நியாயமில்லை. கடல் நமக்கு உழைப்பின் களமாக இருந்தது. வயலிலே உழுகின்றவன் பொழுதுபோக்குக்காக ஏர் பிடிப்பதில்லை அல்லவா? உழைப்பென்ற முறையில் அக்கலையில் நம்மவர் அடைந்த தேர்ச்சியோ பெரிது. வல்வெட்டித்துறையிலே 1930ஆம் ஆண்டு கட்டப்பட்ட "அன்னபூரணி" என்னும் பாய்க்கப்பலை உலகறியும். வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர், "சுவாப்" என்னும் தமது சிறு கலத்தில் முன்னரே உலகைச் சுற்றி வந்தவர், அவர் அக்கப்பலை விலைக்கு வாங்கி "புளோறன்ஸ் சீ. றொபின்சன்" எனப் புதுப் பெயர் சூட்டினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதனை 1937இல் செலுத்திப் புறப்பட்டுச் செங்கடல், மத்தியதரைக்கடல், அத்திலாந்திக் கடல் ஆகியவற்றைக் கடந்து, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்திற் சேர்த்தனர். ஓராண்டுக்கு மேற்பட்ட பயணம் அது. இரங்கூனுக்குச் சென்று அரிசி ஏற்றி வந்த நம் தண்டயல்மாரும் இவ்வாறே சோளகத்தில் போய் வாடையில் மீண்டனர். காற்று மாறும்வரை அந்நியத் துறையில் மாதக்கணக்கில் இருப்பதும் அவர்களுக்குத் தொழிலின் ஒரு பகுதியே. தாம் காற்றுக்காகக் காத்திருந்தார்களேயன்றிக் காற்றுத் தமக்காகக் காத்திருக்கும் என்று அவர்கள் எண்ணவில்லை.

அந்த அறிவு நம்மிடையே அறுந்துபோனமைக்கு இரண்டு காரணங்கள் உண்டு. 1950களின் பிற்பகுதியிலிருந்து இயந்திரப் படகுகள் பரவின. இயந்திரத்தை முடுக்கியவன் காற்று எங்கிருந்து வீசுகின்றதென்று கேட்க வேண்டியதில்லை. பின்னர்ப் போர் வந்தது. 1980களின் நடுப்பகுதி தொடங்கி 2009 வரையில், கடல் சில காலம் முற்றாகத் தடுக்கப்பட்டதாயும், சில காலம் குறித்த நேரத்திற்கும் குறித்த தூரத்திற்கும் மட்டும் திறந்ததாயும் இருந்தது. தகப்பன் மகனுக்குக் காற்றைக் காட்டிக் கொடுக்கும் இடம் தோணிதான். அத்தோணி கரையிலே கவிழ்ந்து கிடந்தது. 2022ஆம் ஆண்டு மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோது இதன் விளைவு கண்ணுக்குத் தெரிந்தது. சோளகம் விலையின்றி வீசிக்கொண்டிருக்க, எண்ணெய்க்காக நீண்ட வரிசையில் நின்றோம்.

இனி, காற்றுகளைப் பார்ப்போம். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரையில் தென்மேற்கிலிருந்து வீசுவது சோளகம். ஐப்பசி கார்த்திகையில் மழையோடு தொடங்கித் தை, மாசி வரையில் வடகிழக்கிலிருந்து வீசுவது வாடை. இவற்றின் இடையிலே கிழக்கிலிருந்து கொண்டலும் மேற்கிலிருந்து கச்சானும் வந்து போகும். சோளகம் மழை குறைந்த காற்று. ஆனால் வலியது, ஓயாதது. வாடை இரு முகம் கொண்டது. ஐப்பசியிலிருந்து மார்கழி வரையில் அது மழைக்காற்று. வங்காள விரிகுடாவில் எழும் சூறாவளிகள் நம் கரையை அணுகும் காலமும் இதுவே. 1964 டிசம்பர் 22, 23ஆம் நாள்களில் தனுஷ்கோடியை அழித்த சூறாவளி நம் வடகரையையும் தாக்கியது. 2008 நவம்பரில் வந்த "நிஷா" குடாநாட்டையே வெள்ளத்தில் ஆழ்த்தியது. தை பிறந்த பின் வாடையின் மற்ற முகத்தைக் காணலாம். மழை ஓய்ந்து, வானம் தெளிந்து, காற்று ஒரே சீராக வரும். வல்வெட்டித்துறையிலே பொங்கலன்று பட்டம் ஏற்றுகின்றார்களே, அது நம்பத்தக்க காற்றாகையால்தான். பட்டத்திற்கு உகந்த காற்றுப் பாய்க்கும் உகந்ததே. என்றாலும் வடகரையில் அப்போது அலை உயரமாதலால், பட்டத்தை அங்கே ஏற்றிவிட்டுத் தோணியைத் தீவுகளின் மறைவிலே ஓட்டுவது நன்று.

என்னுடைய தெரிவு மாசி நடுப்பகுதியிலிருந்து பங்குனி முடிவு வரையிலான நாள்களே. வாடை தளர்ந்திருக்கும், சோளகம் இன்னும் பிறந்திராது. கச்சதீவு அந்தோனியார் திருவிழா தவக்காலத்தில் வருவதால் பெரும்பாலும் இந்த இடைவெளியிலேயே அமைந்துவிடுகின்றது. இரு கரைகளிலிருந்தும் படகுகள் திரண்டு போவதற்கு அது வாய்ப்பான காலம். நயினாதீவு நாகபூஷணி அம்மன் மகோற்சவமோ ஆனியில், சோளகத்தின் நடுவிலே வருகின்றது. நல்லவேளையாகக் குறிகட்டுவானிலிருந்து கடக்க வேண்டிய நீர் குறுகியது.

இப்பொழுது விடுமுறைகளை இக்காற்றுகளின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாடசாலைகளின் நீண்ட விடுமுறைகள் வழமையாக ஏப்பிரல், ஓகஸ்ட், டிசம்பர் மாதங்களில் வருவன. டிசம்பர் மழைக்கும் புயலுக்கும் உரியது. ஓகஸ்டில் சோளகம் வீறுகொண்டு நிற்கும். ஆயினும் வெளிநாடுகளிலுள்ள நம் உறவினர் நல்லூர்த் திருவிழாவைக் கருதியும், தங்கள் பிள்ளைகளின் விடுமுறையைக் கருதியும் ஊருக்கு வருவது அந்த ஓகஸ்டிலேதான். "மாமா, தோணியில் ஒருக்கால் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று இலண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ வந்த மருமகன் கேட்கும்போது மறுப்பது கடினம். விருந்தினரின் திரும்பும் விமானம் அடுத்த கிழமை என்பது காற்றைத் தணித்துவிடாது. மறுக்கத்தான் வேண்டும், அன்றேல் அவர்களை விடியற்காலத்தில் எழுப்ப வேண்டும். அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்லுகின்றேன். ஏப்பிரல் ஒன்றே ஓரளவு இணக்கமான மாதம். ஆனால் அப்போது பிற்பகலில் இடி மின்னலோடு திடீர் மழை எழும். திறந்த நீர்ப்பரப்பிலே பாய்மரத்தைப் போல மின்னலுக்கு உகந்த பொருள் வேறில்லை. மேகம் கறுத்துக் கோபுரம்போல் எழக் கண்டால், இடியோசை கேட்கும்வரை காத்திராமல் கரை சேர்க.

போயா விடுமுறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1966 முதல் 1971 வரை இந்நாட்டில் சனி, ஞாயிறு விடுமுறை நீக்கப்பட்டு, சந்திரனை ஒட்டிய போயா நாள்களே வார விடுமுறையாக இருந்தமை மூத்த நேயர்கள் பலருக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூட அட்டவணை தயாரித்தவர்கள் அதனால் பட்ட பாடு தனிக்கதை. தோணிக்காரர்க்கோ அதில் ஒரு பாடம் இருந்தது. பூரணை நாளில் வற்றுப்பெருக்கு மிகும். நம் கடலில் அது ஏறத்தாழ இரண்டடிதான். பெருங்கடல் மாலுமி கேட்டால் நகைப்பான். ஆனால் பரவைக் கடலின் பல இடங்களில் இடுப்பளவு நீரே உள்ளது. பெருக்கிலே எளிதாகத் தாண்டிச் சென்ற மண்மேட்டில், வற்றிலே தோணி உட்கார்ந்துவிடும். இன்றும் பூரணை பொதுவிடுமுறையாகையால், போயாவில் ஓடுகின்றவர் எப்பொழுதும் பெரும் வற்றுப்பெருக்கிலேயே ஓடுகின்றார் என்பதை மறவாதிருத்தல் நலம். உட்கார்ந்துவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. கோலை ஊன்றித் தள்ளலாம். அல்லது இறங்கி நடக்கலாம். மாலைத் தேநீர் மட்டும் தவறிவிடும்.

மாதத்தைத் தெரிந்துகொண்ட பின் நாளின் வேளையைத் தெரிய வேண்டும். வெயில் ஏற ஏறத் தரை விரைவிற் சூடாகும். கடல் அவ்வாறு சூடாகாது. தரைமேற் காற்று இலேசாகி எழ, அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று உள்ளே வருகின்றது. முற்பகல் பத்து, பதினொரு மணியளவில் தொடங்கி, பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு அது உச்சங்கொள்ளும். இரவிலே தரை குளிர, விடியுமுன் காற்றுத் தரையிலிருந்து கடலை நோக்கி மெல்ல வீசும். பருவக்காற்று ஓய்ந்திருக்கும் பங்குனி, சித்திரையில் இந்த ஏற்பாடு மணிக்கூடுபோல நடக்கும். சோளக காலத்திலும் பொதுவாகக் காலைக் காற்றே தணிந்தது. நண்பகலுக்குப் பின் அதன் கை ஓங்கும்.

ஆங்கில நாட்டிலே கோடை காலத்தில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் உண்டு. அங்குள்ளோர் வேலை முடிந்த பின்னும் தோணி ஓட்டுகின்றனர். அவர்கள் எழுதிய நூல்களைப் படித்துவிட்டு நாமும் மாலையை நம்பினால் ஏமாறுவோம். நமக்கு ஆண்டு முழுவதும் ஆறு மணியை ஒட்டியே பொழுது விடிந்து, ஆறு மணியை ஒட்டியே சாய்கின்றது. நாலரை மணிக்குக் கந்தோர் விட்டு வருகின்றவருக்கு எஞ்சுவது ஒன்றரை மணி நேரம். அதுவும் காற்று இன்னும் வலிமை குன்றாத வேளை. காலை ஆறு தொடக்கம் எட்டு வரையே நமது ஓய்வும் காற்றும் கைகோக்கும் நேரம். எனவே நேரமில்லை என்று சொல்வோருக்கு என் விடை, விடுமுறையைத் தேடாதீர்கள், விடியலைத் தேடுங்கள் என்பதே. இதற்கு முதல்நாள் மாலையே ஆயத்தம் வேண்டும். பாயைச் சுருட்டிப் பருமலிலே கட்டி, சுக்கானையும் துடுப்பையும் நீர் இறைக்கும் பட்டையையும் ஓரிடத்தில் வைத்தவர் கால் மணி நேரத்தில் புறப்படுவார். கயிற்றைத் தேடுகின்றவருக்கு அந்தக் காலை கரையிலேயே முடிந்துவிடும்.

காற்று எவ்வளவு இருந்தால் போகலாம்? வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடற்பிராந்திய முன்னறிவிப்பை வானொலியில் கேட்கின்றோம். காங்கேசன்துறையிலிருந்து மன்னார் ஊடாகப் புத்தளம் வரையிலான கடலில் காற்று மணிக்கு முப்பது முதல் நாற்பது கிலோமீற்றர் என்று சொல்லப்படும். அவ்வெண்ணைக் காதிலே வாங்கிவிட்டு மறந்துவிடுகின்றோம். பதினாலடித் தோணிக்காரர் அதனை இவ்வாறு கொள்ளலாம். மணிக்குப் பன்னிரண்டு முதல் இருபது கிலோமீற்றர் வரை இன்பமான காற்று; அலைமுடிகளிலே இங்கொன்றும் அங்கொன்றுமாக வெண்ணுரை தோன்றத் தொடங்கும். இருபதுக்கும் இருபத்தெட்டுக்கும் இடையில் வெண்ணுரை எங்கும் பரவும். பயின்றவர் பாயைக் குறைத்துக்கொண்டு ஓடலாம், புதியவர் கரையில் நிற்க வேண்டும். அதற்கு மேற்பட்டால் இருவரும் வீட்டிலிருக்கலாம். காற்றின் வேகம் இரட்டித்தால் பாயின்மேல் அதன் அழுத்தம் நான்கு மடங்காகின்றது. பதினைந்திலே சிரித்துக்கொண்டு ஓடியவர் முப்பதிலே நான்கு தோணிகளின் பாரத்தைப் பிடித்திருக்கின்றார் என்று பொருள்.

எண்ணைவிடவும் திசை முக்கியமானது. இதனை நான் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகின்றேன். சோளக காலத்தில் காரைநகரின் கசூரினாக் கடற்கரையிலோ, காங்கேசன்துறை, பருத்தித்துறைப் பக்கத்திலோ நின்று பார்ப்பவருக்குக் கடல் குளம்போலத் தோன்றும். காற்று முதுகுப்புறமாக, தரையிலிருந்து வீசுவதால் கரையோரம் அலையெழாது. கண்டவர் மயங்குவார். அரை மைல் வெளியே சென்றதும் அலை தெரியும். அப்போது பாய் கிழிந்தாலோ சுக்கான் முறிந்தாலோ அக்காற்று அவரை வங்காள விரிகுடாவை நோக்கித் தள்ளிச் செல்லும். துடுப்பாலே எதிர்த்து வருவது அரிது. அதே நாளில் அலை சலசலக்கின்ற பரவைக் கடல், பார்வைக்கு முரட்டுத்தனமாக இருந்தாலும், கவிழ்ந்தவரைக் காலூன்ற விடும். ஒரு தீவிலோ கண்டற் காட்டிலோ கொண்டுபோய்ச் சேர்க்கும். வாடையில் நிலைமை தலைகீழ். வடகரை அலையை நேரே வாங்கும். வேலணைக்கும் மண்டைதீவுக்கும் உட்பட்ட நீர் அடங்கியிருக்கும். நீர்கொழும்பு மீனவர் சோளகம் எழும்போது மேற்குக் கரையை விட்டுக் கீழ்க்கரையிலே வாடி அமைத்ததும் இக்கணக்கினாலேயே. அவர்கள் பருவத்துக்கேற்பக் கரையை மாற்றினர். நமக்கு அரை மணி நேரம் துவிச்சக்கரவண்டி ஓட்டினாலே மறுகரை கிடைக்கின்றது.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை இரண்டே. மிதப்பு அங்கியை அணிந்துகொள்ளுங்கள்; நீந்தத் தெரிந்தவரும் அணிய வேண்டும், ஏனெனில் பருமல் தலையிலே பட்டவருக்கு நீச்சல் நினைவில் வராது. கரையில் நிற்கும் ஒருவரிடம் எந்தப் பக்கம் போகின்றீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லிச் செல்லுங்கள். எட்டு மணி என்று சொல்லியிருந்தால், ஏழரைக்கே அணியத்தைக் கரைப்பக்கம் திருப்புங்கள். காற்று அப்போதுதான் இனிக்கத் தொடங்கியிருக்கும், ஆயினும் திருப்புங்கள். அடுப்பிலே புட்டு வெந்துகொண்டிருக்கும், கந்தோருக்கும் நேரமாகும்.