குட்டிக்கு முன்னால் ஆளைத் தேடுங்க!

வேலைக்குப் போறவங்க நாய் வளர்க்கவே கூடாதுன்னு எதிரணியில முழங்கினாங்க. வளர்க்கலாம் அய்யா! ஆனா குட்டிக்கு முன்னாடி ஆளைத் தேடணும்.

நான் வெம்பக்கோட்டைக்காரன். எங்க ஊர்ல புருஷன், பொஞ்சாதி ரெண்டு பேரும் காலையில பட்டாசு ஆலைக்குப் போனா சாயங்காலம்தான் திரும்புவாங்க. 2 மாதக் குட்டி 2, 3 மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்காது. தினம் 3, 4 வேளை தீனி வேணும். பூட்டின வீட்டுக்குள்ள அது யாரைக் கூப்பிடும்?

லாப்ரடார் ரிட்ரீவர், கனடாவின் குளிர்ந்த கடலோரத்து மீனவர் நாய்களின் வழிவந்தது, இரட்டை ரோமம். எங்க வெயில்ல தகரக் கூரைக்குக் கீழே கட்டினா தாங்குமா? சரி, 2005-இல் தபால்தலை கண்ட நம்ம ராஜபாளையம் நாயே ஆனாலும், தனிமை தனிமைதானே!

அப்பத்தாவோ, பக்கத்து வீட்டு அக்காவோ மத்தியானம் கதவைத் திறக்கச் சம்மதிச்சாங்களா? குட்டியைத் தூக்குங்க. இல்லையா? ஆசையைத் தள்ளிப் போடுங்க.