விலையை யார் சொல்வது?

(இளைஞர்கள் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



சுயதொழில் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் செய்கிற தொழிலைப் பற்றித்தான் எனக்குப் பேச வரும். மினி வேனில் தண்ணித் தொட்டியும் பிரஷர் வாஷரும் ஏற்றிக்கொண்டு, சென்னையில் வீடுவீடாகப் போய் கார் கழுவிக் கொடுக்கிறேன். உள்ளே வெளியே முழுசாகச் சுத்தம் செய்து பாலிஷ் போட்டுத் தருவதை டீடெய்லிங் என்பார்கள். அதுவும் செய்கிறேன்.

"படிச்சிட்டு மறுபடியும் அழுக்குத் துடைக்கிற வேலைதானா?" என்று நம்ம ஆளுங்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஊர் அழுக்கையெல்லாம் தலைமுறை தலைமுறையாக நம் தலையில் கட்டியவர்கள், அதற்கு விலை சொல்லும் உரிமையை மட்டும் தரவில்லை. கொடுத்ததை வாங்கிக்கொள் என்றார்கள். இன்றைக்கும் அடுக்குமாடிகளில் விடியற்காலையில் வாளியோடு நிற்கிறவருடைய கூலியைக் கார்க்காரர்தான் முடிவு செய்கிறார். அதனால் நான் பார்ப்பது இரண்டே விஷயம். விலையை யார் சொல்கிறார்கள்? முடியாது என்று யாரால் சொல்ல முடிகிறது? ஒரு வீட்டில், "அப்படியே அந்தச் சாக்கடை அடைப்பையும் எடுத்து விட்டுடுப்பா" என்றார்கள். விலைப்பட்டியலை நீட்டினேன். அதில் சாக்கடை இல்லை.

நம்ம ஆளுங்க இந்த வேலையைத்தான் செய்யணும் என்று எவனாவது சொன்னால் முதலில் எதிர்ப்பவன் நான். பார்த்து, யோசித்து, இதைத் தேர்ந்தெடுக்கிறவருக்குத்தான் சொல்கிறேன்.

இது கைத்தொழில். தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும். இரண்டு வாளி வேண்டும்: ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். துணியிலுள்ள மண்ணை அலசாமல் தேய்த்தால் பெயின்டில் கீறல் விழும். மேலேயிருந்து கீழே வாருங்கள். சக்கரத்துக்குத் தனித் துணி. கொதிக்கிற வெயிலில் கழுவினால் போர் தண்ணீரின் உப்பு வெள்ளைப் புள்ளியாக நின்றுவிடும். சக்கரம் துடைக்கும் சில ஆசிட்டுகளில் ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் இருக்கும். தோலுக்குள் இறங்கி எலும்பு வரைக்கும் போகும். எவ்வளவு பளபளப்பு வந்தாலும் அதைத் தொடாதீர்கள். கார் பளபளக்க நம் கை வேகக் கூடாது.

தண்ணீரை நீங்களே கொண்டு போங்கள். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, சென்னை குடத்தோடு நின்றதை மறக்க முடியுமா? தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கிறவன்தான் இந்தத் தொழிலில் நிற்பான். நம் தொட்டி நம்மிடம் இருந்தால் எந்தக் குழாயடியிலும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு காருக்கு 400 ரூபாய், நாளைக்கு 4 கார், மாதம் 25 நாள் என்றால் 40,000. உதவியாளர் கூலி 15,000, பெட்ரோல் 4,000, ஷாம்பு, துணி, தண்ணீர் 4,000, கடன் தவணையும் ரிப்பேரும் 5,000. மிச்சம் 12,000. உதவியாளரைவிட முதலாளிக்குக் குறைச்சல்! அதில் 5 நாளை டீடெய்லிங்குக்கு ஒதுக்கி, நாளுக்கு ஒரே கார், 3,000 ரூபாய் என்று வையுங்கள். வருமானம் 47,000. கூடுதல் பாலிஷ் செலவு 2,000 போனாலும் மிச்சம் 17,000. கைத்திறனுக்குத்தான் காசு.

கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனேன். தெருப் பெயரைப் பார்த்ததுமே, "சொத்துப் பத்திரம் இருக்கா?" என்றார்கள். 2015இல் வந்த முத்ரா கடனுக்கு அடமானம் தேவையில்லை. தமிழ்நாடு அரசு 2023இல் கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 35 சதவீத மூலதன மானியம் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. வாயால் "இல்லை" என்று சொன்னால் திரும்பி வராதீர்கள். எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னதும் பேச்சு மாறுவதைப் பார்ப்பீர்கள்.

இதனால் சாதி ஒழிந்துவிடுமா? ஒழியாது. "சார்" என்று கூப்பிட்டு பில் வாங்குகிறவரே, தண்ணீர் கேட்டால் பிளாஸ்டிக் டம்ளர் தேடுகிறார். அதற்கான போராட்டம் தனி, அது நடக்க வேண்டும். ஆனால் போராட்டத்துக்கு ஒரு நாள் லீவு போட, யாரிடமும் தலை சொறிய வேண்டாத பிழைப்பு வேண்டும்.

கடைசியாக ஒன்று. நாளைக்கு நீங்களும் ஒருவரை வேலைக்கு வைப்பீர்கள். அவரும் நம் தெருப் பையனாகத்தான் இருப்பார். மாதம் பிறந்தால் அவருடைய 15,000ஐ முதலில் எடுத்து வையுங்கள். மிச்சம்தான் நம்முடையது.