தட்டில் முன்பு என்ன இருந்தது?

இன்று பட்டம் வாங்கும் செல்வங்களே, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களே!

வடசென்னையின் இந்த எம்.கே.பி. நகருக்கு வடக்கே, கொசஸ்தலை ஆறு கடலைத் தொடும் எண்ணூர்க் கழிமுகத்தில் இருளர் பழங்குடியினர் இறால் பிடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? வலையும் இல்லை, தூண்டிலும் இல்லை. தண்ணீருக்குள் தவழ்ந்தபடி இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவுவார்கள். விரலில் இறால் தட்டியதும் அமுக்கி எடுத்து, பல்லில் கவ்வியிருக்கும் பனையோலைப் பறியில் போடுவார்கள். விற்றது போக மிச்சம் வீட்டுக் குழம்புக்கு.

அந்தச் சேற்றில்தான் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் வந்து சேர்ந்தது. கையே வலையாக இருப்பவருக்கு முதல் அடி விரலில் விழும்: அரிப்பு, புண். அடுத்த அடி தட்டில். இறால் குறைந்தால் கூலி வேலைக்குத்தான் போக வேண்டும். கூலியில் அரிசி வாங்கலாம். நேற்றுவரை காசில்லாமல் கிடைத்த இறாலைக் கடையில் வாங்கக் கட்டுப்படியாகாது. அந்த வீட்டுப் பெண் சோர்ந்துபோய் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால், சீட்டில் 'இரத்தசோகை' என்று எழுதி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்புவோம். மாத்திரை வேண்டியதுதான். ஆனால் அவர் ஆற்றை இழந்த கதைக்கு அந்தச் சீட்டில் இடமில்லை.

மாற்றமே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. இதே இருளர்கள் ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்தார்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பின்னர் தோல் வியாபாரமும் நின்றது. அடுப்பு அணைந்த வீடுகளுக்கு 1978-ல் ஒரு வழி பிறந்தது: இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிலிருந்தும் விஷம் எடுத்து, பாம்பைத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடிக்கான மருந்து தயாராகிறது. அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஒரே சமூகம், இரண்டு மாற்றங்கள். வடநெம்மேலியில் அவர்களுக்குத் தெரிந்த வித்தையைக் கேட்டு மாற்றினார்கள்; ஊருக்கே மருந்து கிடைத்தது. எண்ணூரில் யாரும் கேட்கவில்லை.

நாளை உங்களில் ஒருவர் செவிலியராகலாம், ஒருவர் தாலுகா ஆபீசில் உட்காரலாம், ஒருவர் தொழிற்சாலைக்குள் பொறியாளராகப் போகலாம். எதிரே ஒருவர் வந்து நின்றால், பெயரும் வயதும் எழுதிய கையோடு இன்னொன்றும் கேளுங்கள்: "முன்னாடி என்ன வேலை பார்த்தீங்கம்மா? வீட்டுல என்ன சாப்பிட்டீங்க?" பதில் வரும்வரை பேனாவைக் கீழே வைத்திருங்கள்.