குடியிருப்பவரும் வீட்டுக்குரியவரும்

வாடகை வீட்டில் கூரை ஒழுகினால், “வீட்டுக்குரியவர் பார்த்துக்கொள்ளட்டும்” என்பார் குடியிருப்பவர். “குடியிருப்பவர் ஒழுங்காக வைத்துக்கொள்ளவில்லை” என்பார் வீட்டுக்குரியவர். இருவரும் வாதாடிக்கொண்டிருக்கும்போது பழுது சும்மா இருப்பதில்லை. நாளுக்கு நாள் வளர்கிறது. நாளை நீங்களும் கல்வியின் பொருட்டோ அலுவலின் பொருட்டோ வெளியூர் சென்று வாடகைக்கு இடம் பிடிக்கப் போகிறவர்கள். உங்களுள் சிலர் வீட்டுக்குரியவராகவும் ஆவீர்கள். ஆதலின் இருவர் கடமையையும் இன்றே அறிந்துகொள்வது நலம்.

நம் மாநிலத்தில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நெடுங்காலம் வழக்கில் இருந்தது. அதற்குப் பதிலாக 2017இல் இயற்றப்பட்ட சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இருவருடைய உரிமைகளோடு பொறுப்புகளையும் அது வரையறுக்கிறது. கட்டடத்தின் அடிப்படைப் பழுது, சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு சன்னல்களுக்கு வர்ணம் பூசுதல், நீர்க்குழாய் மாற்றுதல், மின்கம்பி அமைப்பு ஆகியவை உரியவரைச் சேர்ந்தவை. சாக்கடையைத் தூய்மை செய்தல், மின்விசைப் பொத்தான்களைச் சீர்செய்தல், பூட்டு, தாழ்ப்பாள், உடைந்த கண்ணாடி இவற்றை மாற்றுதல் ஆகியவை குடியிருப்பவரைச் சேர்ந்தவை. கட்டடத்தோடு பிறந்தது உரியவர்க்கு, அன்றாடப் புழக்கத்தில் தேய்வது குடியிருப்பவர்க்கு என்று இதனை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஆயினும், பங்கு பிரித்துவிட்டால் மட்டும் போதுமா? மொட்டைமாடியை எடுத்துக்கொள்ளுங்கள். மழைநீர்க் குழாயின் வாயைச் சருகு அடைக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நீர் தேங்குகிறது. தட்டோட்டின் விரிசல் வழியே அது மெல்ல உள்ளிறங்கி, கான்கிரீட்டினுள் இருக்கும் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துருவானது தான் தோன்றிய இரும்பைவிடப் பன்மடங்கு இடம் கொள்ளும் இயல்புடையது. இடம் போதாமையால் அது கான்கிரீட்டைப் பிளந்து வெளித்தள்ளுகிறது. கைப்பிடிச் சருகை அகற்றாமையால் வந்த வினை இது!

ஆசிரியப் பணியில் ஊர் ஊராக மாற்றப்பட்டுப் பல வாடகை வீடுகளில் குடியிருந்தவன் நான். ஓர் ஊரில், எங்களுக்கு அடுத்த வீட்டின் சமையலறைக் கூரையில் ஈரம் படர்ந்தது. சொன்னால் வாடகையை உயர்த்துவார், அல்லது காலி செய்யச் சொல்வார் என்று அஞ்சிக் குடியிருந்தவர் வாய் திறக்கவில்லை. மாதந்தோறும் வாடகை வாங்க வந்த உரியவரோ வாயிற்படியோடு திரும்பினார். மூன்றாம் மழைக்காலத்தில் ஒருநாள் காலை, காரைப் பாளம் ஒன்று பெயர்ந்து அடுப்பின்மேல் விழுந்தது. அந்த வீட்டு அம்மையார் அப்போதுதான் தண்ணீர் எடுக்க எழுந்து சென்றிருந்தார். அதனால் உயிர் தப்பினார். ஒருவர் அஞ்சினார், மற்றவர் பாராமுகமாக இருந்தார். அவ்விரண்டும் கூடியே அந்தப் பாளத்தைக் கீழே தள்ளின என்பேன்.

மின்சாரமும் அத்தகையதே. ஈரச்சுவரைத் தொட்டால் கையில் சுரீரென்றால், அதை ஒருநாளும் பொறுத்திருத்தல் ஆகாது. நிலத்தொடுப்புக் கம்பியைச் சோதிக்கச் செய்ய வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் காப்புச் சாதனத்தை உரியவர் பொருத்துவது, விலைமதிப்பற்ற உயிர்களைக் காக்கும் சிறு செலவேயாகும். குடியிருப்பவரும் ஒரே பொத்தானில் பல கருவிகளை மாட்டி அதற்குத் தாங்காத சுமையை ஏற்றலாகாது.

பழுது கண்டவுடன் உரியவருக்கு அறிவிப்பது குடியிருப்பவரின் கடமை என்று சட்டமே கூறுகிறது. அது குறைகூறல் ஆகாது. அவர் உடைமையைக் காக்கும் உதவியாகும். நாளிட்டு எழுத்தில் அறிவித்து, ஒரு படியை வைத்துக்கொள்ளுங்கள். உரியவர் தம் பங்கைச் செய்ய மறுத்தால், குடியிருப்பவரே செய்து, செலவை வாடகையில் கழிக்கலாம். ஆனால் எந்த மாதத்திலும் பாதி வாடகைக்கு மேல் கழித்தல் கூடாது. குடியிருப்பவர் தம் பங்கைச் செய்யாவிடில், உரியவர் அச்செலவை முன்பணத்தில் கழித்துக்கொள்ளலாம். வீட்டைப் பார்வையிட விரும்பும் உரியவர் 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் அறிவித்துவிட்டே வரவேண்டும். மனத்தாங்கல் எதுவாயினும், தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி வைப்பது முறையன்று.

“இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான்” என்னும் பழமொழியை நெஞ்சில் வைத்துக்கொண்டு வீடு கொடுப்பவரும், “நம் வீடா என்ன?” என்று எண்ணிக் குடிபுகுபவரும் ஒரே கூரைக்குக் கேடு செய்பவர்களே. கூரை விழும்போது பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்து விழுவதில்லை.

மாணவர்களே, இந்த ஞாயிறன்று உங்கள் வீட்டைச் சுற்றி வாருங்கள். சொந்த வீடாயினும் வாடகை வீடாயினும் சரி. மாடியின் நீர்வாயில் அடைந்துள்ளதா, சுவரில் ஈரம் ஏறியுள்ளதா, தண்ணீர்த் தொட்டிக்கு மூடி உண்டா என்று பாருங்கள். தேங்கிய நன்னீரில் டெங்குக் கொசு ஒரு வாரம், பத்து நாளில் வளர்ந்துவிடும். கண்டதைக் குறித்துப் பெற்றோரிடம் கொடுங்கள். அதை உரியவரிடம் சேர்ப்பிப்பது அவர்கள் பொறுப்பு. மழைக்கு முன்பே அந்தச் சீட்டு அவர் கையில் இருக்கட்டும்.