கூடிச் செய்யும் படத்தொகுப்பு

தோட்டத்துக் கோயில் திருவிழாவையும், தமிழ்ப்பள்ளி ஆண்டு விழாவையும், லயங்களில் வாழ்ந்த பெரியவர்களின் அனுபவங்களையும் நம் பிள்ளைகள் கைப்பேசியில் படம் பிடித்து, கணினியில் தொகுத்து, முழுப் படமாக ஆக்கும் காலம் இது. இந்த வேலை பெரும்பாலும் ஒருவரால் முடிவதில்லை. படம் பிடித்தவர் தோட்டத்தில் இருப்பார்; ஒலியைச் சரிசெய்பவர் கிள்ளானில் இருப்பார்; தொகுப்பவர் ஜொகூர் பாருவில் வேலை பார்ப்பார். இப்படிப் பலருடைய கை படும் வேலையில் படங்கள் தொலைந்து போகாமல் காப்பது எப்படி என்பதை இன்று காண்போம்.

முதலில் ஓர் அடிப்படை உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். கணினியில் தொகுக்கத் தொடங்கியதும் 'புரோஜெக்ட்' என்னும் கோப்பு ஒன்று உண்டாகிறது. அதைத் தொகுப்புக் கோப்பு என்போம். படங்களெல்லாம் அதற்குள்ளேயே இருப்பதாகப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மை அதுவன்று. எந்தப் படம் எங்கே இருக்கிறது, அதில் எந்தப் பகுதியை எடுக்க வேண்டும், எதன்பின் எது வர வேண்டும் என்ற குறிப்புகள் மட்டுமே அதில் இருக்கின்றன.

தோட்டத்துச் செக்ரோலை நினைத்துப் பாருங்கள். அதில் ஆட்களின் பெயர்தான் இருக்கும். ஆட்கள் இருக்க மாட்டார்கள். லயத்து எண்ணைப் பார்த்துக் கூப்பிடப் போகிறவர், அந்தக் குடும்பம் வேறு வீட்டுக்கு மாறியிருந்தால் பூட்டிய கதவின் முன்னால்தானே நிற்பார்? தொகுப்புக் கோப்பின் நிலையும் இதுதான். படத்தை வேறு இடத்துக்கு மாற்றினாலும், அதன் பெயரை மாற்றினாலும், 'மீடியா ஆஃப்லைன்' என்ற அறிவிப்புதான் திரையில் தெரியும். படம் வேறு இடத்தில் இருந்தால் பயமில்லை. அந்த இடத்தைக் காட்டிக் கொடுத்தால் கணினி மீண்டும் இணைத்துக்கொள்ளும். அழிந்து போயிருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை.

ஆகவே, தொகுக்கத் தொடங்கும் முன்பே ஒரு பெரிய கோப்புறையைத் திறந்து, அதனுள் படங்கள், ஒலி, பழைய புகைப்படங்கள், தொகுப்புக் கோப்பு, முடிந்த படம் எனத் தனித்தனிப் பிரிவுகள் வையுங்கள். எல்லாவற்றையும் அதில் சேர்த்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். இடையில் எதையும் இடம் மாற்றாதீர்கள். இரண்டு கைப்பேசிகள் ஒரே எண்ணைத் தங்கள் படங்களுக்குப் பெயராகக் கொடுத்துவிடுவது உண்டு. ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் முன்னது அழியும். எனவே ஒவ்வொருவர் பிடித்ததையும் அவரவர் பெயரும் தேதியும் இட்ட தனிக் கோப்புறையில் வைப்பது நல்லது. தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் கணினியே காலமுறைப்படி அடுக்கிக் காட்டும்.

அடுத்து, படங்களை அனுப்பும் வழி. வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அதன் அளவு சுருங்கித் தெளிவும் குறைந்துவிடும். 'டாக்குமெண்ட்' என்ற முறையில் அனுப்பினால் அசல் அப்படியே போய்ச் சேரும். கைப்பேசியில் 1 மணி நேரம் பிடித்த படம், தெளிவைப் பொறுத்து, 4 முதல் 8 ஜிகாபைட் வரையோ அதற்கு மேலோ இடம் கேட்கும். இவ்வளவு பெரியவற்றைப் பென்டிரைவில் கொண்டு போவதே எளிது. ஆனால் 'ஃபாட் 32' முறையில் அமைந்த பென்டிரைவ், 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட தனிக் கோப்பை ஏற்காது. 'எக்ஸ்ஃபாட்' முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழியும் என்பதால் முதலில் அவற்றை வேறிடத்தில் எடுத்து வையுங்கள்.

எல்லோரிடமும் மூலப்படங்களின் முழுப் பிரதி ஒன்று இருந்துவிட்டால், பிறகு சிறிய தொகுப்புக் கோப்பை மட்டும் அனுப்பிக்கொண்டால் போதும். ஆனால் ஒரு சமயத்தில் ஒருவர்தான் அதில் கை வைக்க வேண்டும். இருவர் ஒரே கோப்பைத் திருத்தினால், கடைசியாகச் சேமித்தவரின் வேலை மற்றவரின் வேலையை மூடிவிடும். கை மாறும்போதெல்லாம் தொகுப்பு 1, தொகுப்பு 2 என்று எண் மாற்றிச் சேமியுங்கள்.

பிரதி எடுத்து வைப்பதன் அருமைக்கு ஒரு சான்று சொல்கிறேன். அமெரிக்காவின் பிக்சார் நிறுவனம் 'டாய் ஸ்டோரி 2' என்ற படத்தை உருவாக்கிக்கொண்டிருந்த 1998ஆம் ஆண்டில், தவறாக இடப்பட்ட ஒரு கட்டளையால் படத்தின் பெரும்பகுதி கணினியிலிருந்து அழிந்துபோனது. காப்புப் பிரதி இருக்கிறதே என்று தேடினார்கள். அதுவும் சரியாகப் பதிவாகவில்லை. கேலின் சஸ்மன் என்ற பெண்மணி, குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்து வேலை செய்வதற்காகத் தம் கணினியில் ஒரு பிரதி வைத்திருந்தார். அந்தப் பிரதிதான் படத்தைக் காப்பாற்றியது. படம் 1999இல் வெளிவந்தது.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் கற்கிறோம். பிரதி வேறொரு வீட்டிலும் இருக்க வேண்டும். அதை அவ்வப்போது திறந்தும் பார்க்க வேண்டும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு ஊரில் என்பது நல்ல கணக்கு. இணையத்தில் எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் கோப்புறையை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். அதில் ஒருவர் அழித்தது மற்றவரிடமும் மறைந்துவிடக்கூடும்.

பெற்றோர்களே, கணினி தெரியாதே என்று நீங்கள் ஒதுங்கிவிட வேண்டாம். பிள்ளைகளிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். அசல் எங்கே இருக்கிறது? இன்னொரு பிரதி யார் வீட்டில் இருக்கிறது? அதைத் திறந்து பார்த்தாயா? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகே கைப்பேசியில் உள்ளதை அழிக்கச் சொல்லுங்கள்.

படம் முடிந்துவிட்டது என்று மூலப்படங்களை எறிந்துவிடவும் கூடாது. பாட்டி ஒருத்தி 40 நிமிடம் பேசியிருப்பார். படத்தில் 2 நிமிடம்தான் இடம் பெற்றிருக்கும். பால்மரக் காட்டுக்கு விடியற்காலையில் நடந்ததையும், பெரட்டில் நின்றதையும், பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போனதையும் அந்த மீதி 38 நிமிடத்தில் அவர் சொல்லியிருக்கக்கூடும். தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. திருவிழா அடுத்த ஆண்டும் வரும். அதை மறுபடியும் படம் பிடிக்கலாம். அந்தப் பாட்டியின் குரலை மறுபடியும் பிடிக்க முடியுமா? சிந்தித்துச் செயல்படுவோம்.