கருங்கல்லில் இருந்து ஆசாரிப்பள்ளம்: நடுவுல இருக்கிற 2 மணி நேரம்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

எங்க கருங்கல் பாஷையில கேட்கணும்னா, என்ன மக்ளே, சுகமா?

இன்னிக்கு டாபிக் பிரசவம். "எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல, ஸ்கிப் பண்றேன்"னு போயிடாதீங்க. உங்க அக்காவுக்கோ மைனிக்கோ வலி வர்ற ராத்திரி போன் பண்ணப்போறதும், வண்டிக்கு அலையப்போறதும், ரத்தம் குடுக்க ஓடப்போறதும் நம்ம வயசு ஆளுங்கதான். அதனால இது நமக்கான டாபிக்.

முதல்ல நம்பர். ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோட பிறக்கும்போது எத்தனை தாய்மார் இறந்துபோறாங்க? இதைத்தான் தாய் இறப்பு விகிதம்னு சொல்றாங்க. மத்திய அரசோட மாதிரிப் பதிவு கணக்கெடுப்புப்படி 2001-03ல தமிழ்நாட்டுல இது 134. கேரளாவுல 110. இந்தியா முழுக்க 301. அதே கணக்கு 2018-20ல தமிழ்நாடு 54, கேரளா 19, இந்தியா 97. பெரிய முன்னேற்றம்தான். சந்தேகமே இல்ல. ஆனா கருங்கல்ல இருந்து கேரளா பார்டர் ரொம்ப தூரம் கிடையாது. கிட்டத்தட்ட பக்கத்துப் பக்கத்துல கிளம்பின ரெண்டு மாநிலம், 2018-20ல 54லயும் 19லயும் நின்னுச்சு. அந்த வித்தியாசம் எங்க இருக்கு?

வீட்டுல பிரசவம் பார்க்கிறதால இல்ல. தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு, 2019-21ல எடுத்தது, தமிழ்நாட்டுல 99 சதவீதத்துக்கும் மேல பிரசவம் ஆஸ்பத்திரியிலதான் நடக்குதுன்னு சொல்லுது. அப்போ ஏதோ ஒரு ஆஸ்பத்திரிக்குக் கிட்டத்தட்ட எல்லாரும் வந்து சேர்ந்துடுறாங்க. பிரச்சினை அதுக்கு அப்புறம் தொடங்குது.

1994ல செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன்னு ரெண்டு ஆய்வாளர்கள் மூணு தாமதம்னு ஒண்ணு சொன்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு வீட்டுல முடிவெடுக்கிறதுல தாமதம். போய்ச் சேர்றதுல தாமதம். போய்ச் சேர்ந்த பிறகு சரியான சிகிச்சை கிடைக்கிறதுல தாமதம். முதல் தாமதத்தைத் தமிழ்நாடு பெருமளவுக்குத் தாண்டிடுச்சு. இப்ப மிச்சம் இருக்கிற சண்டை ரெண்டாவதோடயும் மூணாவதோடயும்தான். ரெண்டுமே ஒரு ஆஸ்பத்திரிக்கும் இன்னொரு ஆஸ்பத்திரிக்கும் நடுவுல இருக்கிற விஷயம்.

இங்கதான் என் மண்டையில சாஃப்ட்வேர் மணி அடிக்குது. நம்ம ஆளுங்க ஒரு சிஸ்டம் டிசைன் பண்ணும்போது லேட்டன்சி பட்ஜெட் போடுவோம்ல? இந்த ரெக்வெஸ்ட்டுக்கு மொத்தம் இவ்வளவு நேரம்தான், அதுக்குள்ள யார் யாருக்கு எவ்வளவுன்னு பிரிப்போம். பிரசவத்துல அந்த பட்ஜெட்டை நாம போடுறதில்ல, உடம்பு போடுது.

சிகிச்சையே கிடைக்கலன்னா சராசரியா எவ்வளவு நேரத்துல உயிர் போகும்னு மருத்துவ உலகத்துல ஒரு பழைய கணக்கு இருக்கு. பிரசவத்துக்கு முன்னாடி வர்ற ரத்தப்போக்குக்கு 12 மணி நேரம். வலிப்பு வந்தா 2 நாள். குழந்தை வெளிய வர முடியாம அடைபட்டு நின்னா 3 நாள். கிருமித்தொற்றுக்கு 6 நாள். குழந்தை பிறந்த பிறகு வர்ற ரத்தப்போக்குக்கு? 2 மணி நேரம்.

பிறந்த குழந்தைக்கு பட்ஜெட் இன்னும் கம்மி. மூச்சு விடாம பிறந்த குழந்தைக்கு ஒரு நிமிஷத்துக்குள்ள பையும் மாஸ்க்கும் வச்சு காத்து குடுக்க ஆரம்பிக்கணும். டாக்டர்கள் அதை 'கோல்டன் மினிட்'னு சொல்றாங்க.

இப்ப பாருங்க, எந்த வசதி எங்க இருக்கணும்ங்கிற கேள்விக்கு இந்த நேரமே பதில் சொல்லிடுது. ஒரு நிமிஷத்துல செய்ய வேண்டியதுக்கு 20 கிலோமீட்டர் போக முடியாது. அதனால பையும் மாஸ்க்கும், அதைப் பழகின நர்ஸும், பிரசவம் நடக்கிற ஒவ்வொரு அறையிலயும் இருந்தாகணும். ஆனா சிசேரியனும் ரத்தம் ஏத்துறதும் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் வைக்க முடியாது. அதுக்கு மகப்பேறு டாக்டர், மயக்க மருந்து டாக்டர், குழந்தை டாக்டர், ரத்த வங்கி, ஆபரேஷன் தியேட்டர் எல்லாம் 24 மணி நேரமும் ஒரே இடத்துல வேணும்.

உலக சுகாதார நிறுவனம் இதைத்தான் ரெண்டு லெவலா பிரிச்சுது. அடிப்படை மையத்துல 7 வேலை தெரியணும்: ஊசி வழியா ஆன்டிபயாடிக், கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கிற மருந்து, வலிப்புக்கு மருந்து, நஞ்சுக்கொடியைக் கையால எடுக்கிறது, உள்ள தங்கின திசுக்களை அகற்றுறது, கருவி வச்சு பிரசவம் பார்க்கிறது, குழந்தைக்கு மூச்சு குடுக்கிறது. முழு மையத்துல இந்த ஏழோட சிசேரியனும் ரத்தமும் சேர்ந்து 9. 5 லட்சம் பேருக்கு 5 மையம், அதுல ஒண்ணாவது முழு மையமா இருக்கணும்னு அவங்க கணக்கு. கன்னியாகுமரி மாவட்டத்துல 2011ல 18.7 லட்சம் பேர். அப்போ 19 மையம், அதுல 4 முழு மையம்னு வருது.

தமிழ்நாட்டுல அந்த முழு மையத்துக்குப் பேர் சீமாங் சென்டர். பேப்பர்ல பார்த்திருப்பீங்க. 2004 வாக்குல இருந்து மாவட்டம் மாவட்டமா அமைச்சாங்க. கீழ் மட்டத்துல ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல 3 ஷிப்டுக்கு 3 நர்ஸ் போட்டு ராத்திரியும் பிரசவம் பார்க்க வச்சாங்க. 2008 செப்டம்பர்ல 108 வந்துச்சு. பச்சிளங்குழந்தைகளுக்குன்னே தனி 108 வண்டியும் பின்னாடி வந்துச்சு. அதே காலகட்டத்துல கர்ப்பிணிகளைப் பதிவு பண்ற பிக்மி மென்பொருளும் வந்துச்சு. 134 ஏன் 54 ஆச்சுன்னு கேட்டா, இந்தச் சங்கிலியை விட்டுட்டுப் பதில் சொல்ல முடியாது.

எங்க ஊர்ப்பக்கம் இந்த ஐடியா புதுசும் இல்ல. நெய்யூர்ல மிஷன் மருத்துவப் பணி 1838ல தொடங்கினது. 1922ல எவரெஸ்ட் ஏறப் போன ஹோவர்ட் சாமர்வெல்னு ஒரு சர்ஜன், இறங்கி வந்து நெய்யூரைப் பார்த்துட்டு, லண்டன் வேலையை விட்டுட்டு இங்கயே வேலைக்கு வந்தார். நெய்யூரை நடுவுல வச்சு சுத்துவட்டாரத்துல கிளை ஆஸ்பத்திரிகள் இயங்கின. சின்னது ஊருக்குள்ள, பெரியது எட்டுற தூரத்துல. அன்னைக்கே அதுதான் அமைப்பு.

சரி, இப்ப ஒரு கற்பனை ராத்திரி. கருங்கல் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அரசோ தனியாரோ, எதுவா வேணா இருக்கட்டும். மணி 1:40. குழந்தை நல்லா பிறந்துடுச்சு. ஆனா அம்மாவுக்கு ரத்தம் நிக்கல. 120 நிமிஷ கடிகாரம் ஓட ஆரம்பிச்சாச்சு.

ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் 20 கிலோமீட்டருக்கு மேல. திங்கள்சந்தை வழியா வளைஞ்சு வளைஞ்சு போற ரோடு. ஐப்பசி மழைன்னா கேட்கவே வேணாம். வண்டி வர்றதுக்கு ஒரு 20 நிமிஷம், ஏத்துறதுக்கு 10, ரோட்டுல 45னு வச்சுக்குவோம். 75 போச்சு. மிச்சம் 45.

இந்த 45ஐ காப்பாத்துறதும் தொலைக்கிறதும் எது? ரெண்டு விஷயம்.

ஒண்ணு, கிளம்புறதுக்கு முன்னாடி இங்க என்ன செஞ்சாங்க. கர்ப்பப்பையைத் தேய்ச்சுக் குடுத்தாங்களா, ஆக்ஸிடோசின் போட்டாங்களா, ரத்தம் உறைய டிரானெக்ஸாமிக் ஆசிட் குடுத்தாங்களா, ரெண்டு கையிலயும் டிரிப் லைன் போட்டாங்களா. வலிப்பு கேஸ்னா மெக்னீசியம் சல்ஃபேட் முதல் டோஸ் இங்கயே போட்டுட்டுத்தான் அனுப்பணும். ஒண்ணுமே செய்யாம "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க"ன்னு சீட்டு எழுதினா, அந்த 75 நிமிஷமும் வீண்.

இதுல முதல் படி, எவ்வளவு ரத்தம் போச்சுன்னு கண்டுபிடிக்கிறது. கண்ணால பார்த்து மதிப்பிட்டா பெரும்பாலும் குறைவாத்தான் தெரியும். கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பைக் கீழ வச்சு ரத்தத்தை அளந்து, உடனே எல்லா சிகிச்சையையும் ஒண்ணா தொடங்கினா என்ன ஆகும்னு கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவுல ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2023ல முடிவு வந்துச்சு. மோசமான விளைவுகள் 60 சதவீதம் குறைஞ்சது. ஒரு பிளாஸ்டிக் விரிப்பும் ஒழுங்கான செக்லிஸ்ட்டும், மக்ளே.

ரெண்டாவது, அந்த போன். 1:50க்கு இங்க இருந்து ஒரு அழைப்பு போகணும். "ரத்தப்போக்கு கேஸ் வருது, ரத்த வகை பி நெகடிவ், இன்னின்ன மருந்து குடுத்தாச்சு, இப்ப பிரஷர் இவ்வளவு." இந்த ஒரு அழைப்பு போயிருந்தா, வண்டி ரோட்டுல இருக்கும்போதே அங்க ரத்தம் எடுத்து வைக்கிறாங்க, தியேட்டர் ரெடி ஆகுது, மயக்க டாக்டர் வந்துடுறார். 45 நிமிஷம் முழுசா கையில இருக்கு. அழைப்பு போகலன்னா? கேஷுவால்ட்டி வாசல்ல ஸ்ட்ரெச்சர் நிக்கும். யாரு, என்ன, எப்போன்னு முதல்ல இருந்து கேட்பாங்க. ரத்த வகை பார்க்க சாம்பிள் போகும். 45ம் வாசல்லயே கரைஞ்சிடும்.

சர்வர் பக்கம் ஹெல்த் செக்னு ஒண்ணு செய்வோம். டிராஃபிக்கை அனுப்புறதுக்கு முன்னாடி, அந்த சர்வர் உயிரோட இருக்கான்னு கேட்போம். இங்கயும் அதே கேள்விதான். தக்கலையில பத்மநாபபுரம் அரசு மருத்துவமனை இருக்கு, ஆசாரிப்பள்ளத்தை விட பக்கம். இந்த ராத்திரி, இந்த மணிக்கு, இந்த கேஸுக்கு வேண்டிய ஆள் அங்க இருக்காங்களா? போர்டுல என்ன எழுதியிருக்குங்கிறது முக்கியமில்ல. போன் பண்ணித்தான் தெரிஞ்சுக்க முடியும். இல்லன்னா ஒரு ஆஸ்பத்திரியில இருந்து இன்னொண்ணு, அங்க இருந்து மூணாவதுன்னு அலைய வேண்டி வரும். 120 நிமிஷம் அதைத் தாங்காது.

குழந்தைக்கும் இதே கணக்கு. 32 வாரத்துலயே வலி வந்தா, பிறந்த பிறகு குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஓடுறதை விட, நேரம் இருந்தா வயித்துல இருக்கும்போதே தாயை மாத்துறது நல்லதுன்னு டாக்டர்கள் சொல்வாங்க. அம்மாவை விட நல்ல இன்குபேட்டர் எந்த ஆம்புலன்ஸ்லயும் கிடையாது. நுரையீரல் முதிர்ச்சிக்கான ஊசியைப் போட்டு, பச்சிளங்குழந்தை சிறப்புப் பிரிவு இருக்கிற இடத்துக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்பணும்.

அடுத்தது கொஞ்சம் கஷ்டமான பகுதி. நம்ம ஆபீஸ்ல சர்வர் விழுந்தா அடுத்த நாள் போஸ்ட்மார்ட்டம்னு மீட்டிங் போடுவோம். யார் தப்புன்னு கேட்கக் கூடாது, எந்த இடத்துல அமைப்பு ஓட்டையா இருந்துச்சுன்னுதான் கேட்கணும். அந்த வார்த்தையை நாம லேசா சொல்லிட்டுப் போறோம். இங்க அதுக்கு அசல் அர்த்தம்.

தமிழ்நாடு 1990கள்லயே தாய் மரண ஆய்வைத் தொடங்கிடுச்சு. இந்தியாவுல இது முன்னோடி. ஒவ்வொரு மரணத்தையும் 24 மணி நேரத்துல தெரிவிக்கணும், வீட்டுக்கும் போய் விசாரிக்கணும், ஆஸ்பத்திரியிலயும் விசாரிக்கணும், மாவட்ட அளவுல கூடிப் பேசணும். நல்ல ஏற்பாடு. ஆனா இந்த ஆய்வுகள் விசாரணைக் கூண்டு மாதிரி ஆகிடுதுன்னு அரசு டாக்டர்கள் சங்கங்கள் எதிர்ப்பு சொல்லியிருக்காங்க. கேரளாவுல 2004ல மகப்பேறு டாக்டர்கள் சங்கமும் அரசும் சேர்ந்து வேற வழியில போனாங்க. பேர், ஊர், ஆஸ்பத்திரி எல்லாத்தையும் மறைச்சுட்டு, என்ன நடந்துச்சுன்னு மட்டும் டாக்டர்களே படிக்கிறாங்க. இங்கிலாந்துல 1952ல இருந்து இந்த ரகசிய ஆய்வு நடக்குது.

இது ஏன் முக்கியம்னா, பயம் இருக்கிற இடத்துல சங்கிலி அறுந்துபோகும். "இந்தப் பொண்ணு என் கையில இறந்துட்டா என் தலை உருளும்"னு நினைக்கிற ஒருத்தர் என்ன செய்வார்? முதல் டோஸ் மருந்து கூடப் போடாம வேகமா வெளிய அனுப்பத்தான் பார்ப்பார். சீட்டுல நேரத்தை ஒழுங்கா எழுத மாட்டார். அதே பயம் நம்மாலயும் வருது. கேஷுவால்ட்டியில சட்டையைப் பிடிக்கிற சொந்தக்காரங்க கூட்டத்தை நினைச்சு, சின்ன ஆஸ்பத்திரிக்காரங்க கேஸையே தொட யோசிப்பாங்க. தப்பு நடந்தா கேள்வி கேட்கவே கூடாதுன்னு நான் சொல்லல. அலட்சியத்துக்குச் சட்டம் இருக்கு. கத்துக்கிற கூட்டமும் தண்டிக்கிற கூட்டமும் ஒரே அறையில நடக்க முடியாது, அவ்வளவுதான்.

54க்கும் 19க்கும் நடுவுல இது மட்டும்தான் காரணம்னு சொல்லிட முடியாது. படிப்பு, வருமானம், பெண்களோட ஆரோக்கியம்னு நிறைய இருக்கு. ஆனா பார்டர் பக்கத்து ஊர்க்காரனா, அங்க இருந்து நாம எடுத்துக்கக்கூடிய விஷயம் இதுன்னு எனக்குத் தோணுது.

சரி, நாம என்ன செய்யலாம்? வீட்டுல யாராவது கர்ப்பமா இருந்தா, எட்டாவது மாசத்துக்கு முன்னாடி பிரசவம் பார்க்கப்போற ஆஸ்பத்திரியில நாலு கேள்வி கேளுங்க. ராத்திரி 2 மணிக்கு சிசேரியன் செய்ய முடியுமா? மயக்க டாக்டர் எவ்வளவு நேரத்துல வருவார்? ரத்தம் எங்க இருந்து வரும்? இங்க முடியலன்னா எங்க அனுப்புவீங்க, முன்னாடியே போன் பண்ணுவீங்களா? சண்டை போடுற மாதிரி வேணாம், மரியாதையாவே கேட்கலாம். தெளிவா பதில் சொல்ற ஆஸ்பத்திரி ஏற்கனவே யோசிச்சு வச்சிருக்குன்னு அர்த்தம்.

பதிவு நம்பரும் ரத்த வகையும் இருக்கிற தாய் சேய் நல அட்டையை போட்டோ எடுத்து வீட்டுல ரெண்டு பேர் போன்ல வச்சுக்கோங்க. அவசரம்னா 108. நம்ம கார் வேகமா போகும்னு தோணும், ஆனா அதுல ஆக்சிஜனும் இருக்காது, போற வழியில பார்த்துக்கிற ஆளும் இருக்க மாட்டாங்க. வேற ஆஸ்பத்திரிக்கு மாத்தச் சொன்னா, "அங்க யார்கிட்ட பேசினீங்க?"ன்னு ஒரு கேள்வி கேளுங்க. அந்த ஒரு கேள்வியில 30 நிமிஷம் மிச்சமாகலாம்.

அப்புறம் ரத்தம். வாட்ஸப்ல "அவசரம், பி நெகடிவ் தேவை"ன்னு மெசேஜ் வந்து, நீங்க பைக் எடுத்துப் போய், குடுத்து, அதைச் சோதிச்சு முடிக்கிறதுக்குள்ள 2 மணி நேரம் தாண்டிடும். அந்தப் பொண்ணைக் காப்பாத்தப்போறது போன வாரமே யாரோ குடுத்துட்டுப் போன ரத்தம். அதனால மெசேஜுக்குக் காத்திருக்காதீங்க. இந்த மாசம் ஒரு நாள் போய்க் குடுத்துட்டு வந்துடுங்க.

இந்த எபிசோடை வீட்டுல கர்ப்பமா யாராவது இருக்கிற ஒரு ஃப்ரெண்டுக்கு அனுப்புங்க. அந்த நாலு கேள்வியைக் கேட்டுப் பார்த்தீங்கன்னா, என்ன பதில் வந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க, ஆஸ்பத்திரி பேர் வேணாம். அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்ளே. வரட்டா?