கருவி தேர்தல்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் வாகன மெக்கானிக் தொழில் கற்று வெளிவரும் நம் பிள்ளைகளுக்குச் சங்கத்தின் கல்வி நிதியிலிருந்து ஆளுக்கொரு கருவிப்பெட்டி வழங்குவதென்று செயற்குழுவினர் எண்ணியுள்ளனர். மிக நல்ல எண்ணம். ஆயினும், எத்தகைய பெட்டியை வழங்குவது, அதனைத் தேர்வார் யாவர் என்னும் வினாக்கள் எழுந்துள்ளன. அவைபற்றிச் சில சொல்லுமாறு தலைவர் அவர்கள் என்னைப் பணித்தார்கள்.

தமிழ்ப் பண்டிதனுக்கும் ஸ்பானருக்கும் என்ன உறவு என்று சிலர் முறுவலிக்கக் கூடும். யான் தொழில்முறை மெக்கானிக் அல்லேன். விடுமுறை நாள்களில் என் மோட்டார்ச் சைக்கிளை யானே கழற்றிப் பூட்டிப் பேணிவரும் ஆர்வலன் மட்டுமே. பணிமனைகளில் நெடுங்காலம் உழைத்த பெரியோர்களிடமும், என்னிடம் தமிழ் கற்றுப் பின்னர் மெக்கானிக்குகளாய் விளங்கும் மாணவர்களிடமும் கேட்டறிந்தவற்றையே இங்குத் தொகுத்துக் கூறுவேன்.

நம் இலக்கண நூலார் மூன்றாம் வேற்றுமைக்குக் கருத்தா, கருவி என்னும் இரண்டனையும் பொருளாக வகுத்தனர். 'தச்சனால் ஆயிற்று' என்றாலும், 'உளியால் ஆயிற்று' என்றாலும், வருவது 'ஆல்' என்னும் ஓருருபே. செய்வோனையும், அவன் கையில் நின்று செய்விக்கும் பொருளையும் மொழி ஒரே வரிசையில் வைத்திருக்கிறது. பணிமனையில் இவ்வுண்மையை நாள்தோறுங் காணலாம். ஒரு நட்டின் பட்டை மழுங்கிவிட்டால், அது ஸ்பானரால் மழுங்கிற்றா, மெக்கானிக்கால் மழுங்கிற்றா என்று வண்டிக்கு உரியவர் ஆராய்ந்து கொண்டிரார். பழி பையனைச் சேரும். நட்டத்தைப் பணிமனை ஏற்கும். ஆகலின், கருவி தேர்தல் என்பது கடைத்தெருவிற் பொருள் வாங்கும் சிறு செயலன்று. ஓர் இளைஞன் தன் நற்பெயரைத் தேர்ந்துகொள்ளுஞ் செயலாகும்.

அங்ஙனமாயின், நல்ல கருவி எது? பளபளப்புடையதா? எண்ணிக்கையில் மிக்கதா? விலை உயர்ந்ததா? இவை ஒன்றும் முதன்மையல்ல. பற்றவேண்டிய பொருளோடு பொருந்துவதே நல்ல கருவி. யான் இன்று சொல்லவந்த செய்தி இஃதொன்றே; ஏனைய யாவும் இதன் விரிவே.

ஸ்பானரின்மேற் பொறித்த 10, 12, 14 என்னும் எண்கள், நட்டின் எதிரெதிர்ப் பட்டைகளுக்கு இடைப்பட்ட அகலத்தை மில்லிமீட்டரிற் குறிப்பன. போல்டின் பருமனைக் குறிப்பன அல்ல. 6 மி.மீ. பருமனுள்ள போல்டின் தலை பெரும்பாலும் 10 மி.மீ. அகலமுடையது. 8 மி.மீ. போல்டின் தலை ஜப்பானிய முறையில் 12 மி.மீ.; ஐரோப்பிய முறையில் 13 மி.மீ. பழைய ஆங்கிலேய வண்டிகளிலோ, ஜோசப் விட்வொர்த் என்பார் 1841 ஆம் ஆண்டில் வகுத்த மரையளவு வழங்கிற்று. அதற்குரிய ஸ்பானரில் போல்டின் பருமனே பொறிக்கப்பட்டது. பழைய அமெரிக்க வண்டிகளில் அங்குல அளவு. அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. அத்தகைய நட்டுக்கு 13 மி.மீ. ஸ்பானரை இட்டால் 0.3 மி.மீ. தளர்ச்சி நிற்கும். கண்ணுக்குத் தோன்றாத அவ்விடைவெளியே, இறுகிய நட்டின் மூலைகளைச் சீவி எறிந்துவிடும். 'ஏறக்குறையப் பொருந்துகிறது' என்னும் சொல், மெக்கானிக்கின் வாயில் வரத்தகாத சொல்.

அளவு பொருந்தினும், பற்றும் முறை பொருந்தல் வேண்டும். திறந்த வாயுடைய ஸ்பானர் இரண்டு பட்டைகளை மட்டுமே பற்றும். ரிங் ஸ்பானரோ நட்டைச் சுற்றி வளைத்து ஆறு மூலைகளிலும் சுமையைப் பங்கிட்டு வாங்கும். ஆகவே, இறுகிய நட்டை முதலில் அசைப்பதும், இறுதியில் இறுக்குவதும் ரிங் ஸ்பானரின் வேலை. இடையில் விரைந்து சுழற்றுவது திறந்த ஸ்பானரின் வேலை. ஒரு முனை ரிங்காகவும் மறுமுனை திறந்த வாயாகவும் ஒரே அளவில் அமைந்த ஸ்பானர் இவ்விரண்டுக்கும் உதவும். ரிங்கிலும் சாக்கெட்டிலும் ஆறு மூலையுடையன, பன்னிரண்டு மூலையுடையன என இருவகை உண்டு. இடம் நெருங்கியவழிப் பன்னிரண்டு எளிது; துருப்பிடித்து இறுகியவழி ஆறே உறுதி.

வாயைக் கூட்டியும் குறைத்தும் வைக்கும் ஸ்குரூ ஸ்பானரைப் பற்றியும் ஒரு சொல். சுவீடன் நாட்டு ஜோஹான் பீட்டர் ஜோஹான்சன் 1892 இல் உரிமம் பெற்ற அமைப்பே இன்று உலகெங்கும் வழங்குவது. வழிப்பயணத்துக்கு அது நல்ல துணை. ஆனால் அசையும் தாடை சிறிது தளர்வது அதன் இயல்பு. அது மற்றெல்லா ஸ்பானர்களுக்கும் ஈடாகாது. நட்டைக் குறட்டால் திருகுவதோ எவ்வாற்றானும் தகாது. குறடு பிடித்தற்கும் வளைத்தற்கும் நறுக்குதற்கும் உரியது.

திருப்புளியிலும் இந்நுட்பம் உண்டு. நம்மவர் 'ஸ்டார்' என வழங்கும் சிலுவைத் தலைத் திருகாணி, 1936 இல் அமெரிக்கர் ஹென்றி பிலிப்ஸ் உரிமம் பெற்ற வகையைச் சேர்ந்தது. ஜப்பானிய முறையில் செய்த வண்டிகளின் திருகாணிகள் பார்வைக்கு அவ்வாறே தோன்றினும், பள்ளத்தின் வடிவு சிறிது வேறு. அவற்றுட் பலவற்றின் தலையில் ஒரு சிறு புள்ளி காணப்படும். அங்குப் பிலிப்ஸ் திருப்புளியை இட்டால் அது மேலேறி வழுக்கிப் பள்ளத்தை அரித்துவிடும். கார்புரேட்டர்த் திருகாணிகள் பலவும் பாழாவது கைவலியின்மையால் அன்று, முனை பொருந்தாமையாலேயே.

இனி, கடையில் ஆராயும் முறையைக் கூறுவேன். நல்ல ஸ்பானர்கள் பெரும்பாலும் குரோம் வனேடியம் எஃகினால் செய்யப்படுகின்றன; அவ்வெஃகில் குரோமியம் நூற்றுக்கு ஒன்று அளவிலும், வனேடியம் அதனினும் மிகக் குறைவாகவுங் கலந்திருக்கும். ஆனால் எஃகின் பெயரைப் பொறிப்பது எளிது. எஃகை அமைப்பதே அரிது. ஆகவே, செய்தவர் பெயரும் அளவும் தெளிவாகப் பொறிக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். திறந்த ஸ்பானருக்கு ஐ.எஸ். 2028 என்றும், ரிங் ஸ்பானருக்கு ஐ.எஸ். 2029 என்றும் இந்தியத் தரவிதிகள் உள, அவ்வெண்களைக் கேளுங்கள். புதிய போல்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய், ஸ்பானரை அதில் மாட்டி ஆட்டிப் பாருங்கள். இரு தாடைகளும் இணையாய் நிற்கின்றனவா, பூச்சு உரிந்திருக்கிறதா என்று நோக்குங்கள். ராட்செட்டாயின் பற்களை வினவுங்கள்: 24 பற்களுடையது ஒவ்வோர் அடிக்கும் 15 பாகை திரும்பவேண்டும், 72 பற்களுடையதற்கு 5 பாகை போதும். நெருங்கிய இடத்தில் இவ்வேறுபாடே வேலையை முடிக்கும்.

நூறு கருவி அடங்கிய பெட்டி என்று சொல்லி விற்பனவற்றைத் திறந்து எண்ணிப் பாருங்கள். அவற்றுட் பெரும்பகுதி சிறு திருப்புளி முனைகளாகவே இருத்தல் காணலாம். எண்ணிக்கை வேறு, பயன் வேறு. 1920 இல் அமெரிக்காவில் ஜோசப் ஜான்சன் என்பவரும் அவர் தோழரும், ஐந்து கைப்பிடிகளையும் பத்துச் சாக்கெட்டுகளையும் மாற்றி மாற்றிப் பூட்டி, ஐம்பது கருவிகளின் வேலையைச் செய்யலாமென்று காட்டி 'ஸ்நாப்-ஆன்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். சில கருவிகளைத் தக்கவாறு இணைப்பது பல கருவிகளைக் குவிப்பதினும் மேல் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டா.

கருவியின் நீளமும் அளவறிந்து அமைந்ததே. 20 செ.மீ. நெடுமையுள்ள கைப்பிடியில் 10 கிலோ விசையிட்டு இழுத்தால், நட்டின்மேல் ஏறத்தாழ 20 நியூட்டன் மீட்டர் முறுக்கு விழும். பொதுவாக வழங்கும் 6 மி.மீ. எஃகுப் போல்டுக்குத் தக்கது சுமார் 10 தான். சிறு ஸ்பானர் குட்டையாய் இருப்பது இரும்பை மிச்சம் பிடிப்பதற்காக அன்று. கை மிகுதலைத் தடுத்தற்காகவே. அதன் வாலிற் குழாயைச் செருகி இழுப்பார், அலுமினியத்தில் வெட்டிய மரையை உரித்துவிடுவர். இஞ்சின் எண்ணெய் வடிக்கும் போல்டும், ஸ்பார்க் பிளக்கும் இவ்வாற்றாற் கெடுவன பல. இதற்காகவே டார்க் ரெஞ்சு என்னும் அளவுக்கருவி உண்டானது. வேலை முடிந்தவுடன் அதனை மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பி வைத்தல் வேண்டும். 5,000 முறை இயக்கியபின், அல்லது ஆண்டுக்கு ஒருமுறை, சரிபார்த்தலும் வேண்டும்.

தொழில்புரிவோனும் ஆர்வலனும் வேறுபடுமிடம் யாது? பொருத்தத்தில் இருவர்க்கும் வேறுபாடில்லை. என் வண்டியின் நட்டும் பணிமனை நட்டும் ஒன்றே. வேறுபாடு பயனளவிலேதான். ஆர்வலனுக்கு ஒரு வண்டி. அவன் அவ்வண்டியைச் சுற்றிவந்து, நட்டுகளின் அளவுகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அவ்வளவுக்கே வாங்குதல் போதும். ஜப்பானிய வழிவந்த மோட்டார்ச் சைக்கிளாயின் 8, 10, 12, 14, 17 என்னும் அளவுகளே பெரும்பாலும் வேண்டப்படும். இவற்றோடு ஆலன் கீ வரிசை, இரண்டு திருப்புளிகள், ஒரு குறடு, ஒரு பிளக் ஸ்பானர் ஆகியன இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வேலை இனிது நடக்கும். தொழில்புரிவோனோ ஒரு நாளில் நூறு முறை ஒரே ஸ்பானரை எடுப்பான். அவனுக்குக் கைக்கிசைந்த பிடியும், தேய்ந்தால் மாற்றித் தருவோம் என்னும் உறுதியும் வேண்டும். ஒரு பெரியவர் எனக்குச் சொன்ன விதி இது: "பிறரிடம் இரண்டு முறை இரவல் வாங்கிய கருவியை மூன்றாம் முறை விலைக்கு வாங்கிவிடு."

காற்றாலோ மின்னாலோ அடித்துத் திருப்பும் இம்பாக்ட் ரெஞ்சுகள் இப்போது சிறு பணிமனைகளிலும் புகுந்துள்ளன. அவற்றிற் பளபளக்கும் கைச் சாக்கெட்டுகளைப் பூட்டலாகாது. அவை வெடித்துச் சிதறி மெய்யிற் பாயக்கூடும். அதற்கென அமைந்த கருநிறச் சாக்கெட்டுகளே உரியன. தலை பிதுங்கிய உளியைச் சுத்தியலால் அடித்தால் இரும்புச் சில் கண்ணிற் பாயும். பிதுங்கலை அரைத்தபின்னரே அடித்தல் வேண்டும். கண்ணாடியும் அணிதல் வேண்டும். மின்கார்களின் மின்கலமோ பல நூறு வோல்ட் உடையது. இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்னும் எழுத்தும் பொறித்த காப்புக் கருவிகளோடு, அதற்கெனப் பயின்றவரே அவற்றைத் தொடுதற்குரியர். பெற்றோர்களே! மகன் கையிலுள்ள கருவியின் விலையைப் பார்க்குமுன் அவன் கண்ணின் விலையை எண்ணிப் பாருங்கள்.

இனி, செயற்குழுவினர்க்கு என் வேண்டுகோள். அனைவர்க்கும் ஒரேவகைப் பெரிய பெட்டிகளை மொத்தமாய் வாங்கி, மேலே சங்கத்தின் பெயரை எழுதி, மேடையில் வழங்குதல் காண்பதற்கு அழகாயிருக்கும். ஆனால் இருசக்கர வண்டிப் பணிமனைக்குச் செல்வோனுக்கும், லாரிப் பணிமனைக்குச் செல்வோனுக்கும் ஒரே பெட்டி எங்ஙனம் பொருந்தும்? ஆகவே, எவர்க்கும் வேண்டிய சில ஸ்பானர்களையும் திருப்புளிகளையும் குறட்டையும் நல்ல தரத்தில் முதலில் வழங்குக. எஞ்சிய தொகையை அவ்விளைஞர் பெயரிலேயே வைத்திருந்து, ஆறு திங்கள் பணிமனையில் உழைத்தபின், தமக்கு எவை வேண்டுமென்று அவர்களே எழுதிக் கேட்கும்போது வாங்கித் தருக. முதிர்ந்த மெக்கானிக் ஒருவர் கடைக்கு உடன்செல்லட்டும். பெட்டி சிறிதாயிற்றே என்று உறவினர் குறைகூறலாம். அக்குறை ஒருநாள் நிற்பது. பொருந்தாக் கருவியால் வரும் கெட்ட பெயரோ, பணிமனை மாறினும் உடன்வரும்.

இளைஞர்களே! கையில் மை படிவதையும் எண்ணெய் படிவதையும் வேறுவேறாக எண்ணாதீர்கள். இரண்டும் உழைப்பின் கறையே. மாலையில் வேலை முடிந்ததும் கருவிகளைத் துடையுங்கள், எண்ணி வையுங்கள். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் வண்டியை வெளியே விடாதீர்கள். அது இஞ்சினுக்குள் இருக்கக்கூடும். பெண்மக்களும் இத்தொழிலை விரும்பினால், அவர்க்கும் இந்நிதி உரியதாகுக என்பதையும் பணிவுடன் கேட்டுக்கொள்ளுகிறேன்.